குழந்தைகளும் கிரகங்களும்

ஐந்தாறு வயதுக் குழந்தையைக் கூடத்தின் நடுவே நிறுத்தி, வீட்டுக்கு வந்த விருந்தினர் முன்னிலையில், "கிரகங்கள் பேரெல்லாம் சொல்லு, கண்ணு" என்று தாய் கேட்பதும், குழந்தை கைகளைக் கட்டிக்கொண்டு புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு ஓடிப்போவதும், கேட்டவர்கள் அதன் ஞாபக சக்தியை மெச்சுவதும் இக்காலத்தில் நம் வீடுகளில் சாதாரணமாகிவிட்டன. இதில் குற்றம் ஒன்றும் இல்லை. கேட்டதைக் கேட்டபடி நெஞ்சில் நிறுத்திக்கொள்ளும் ஆற்றல் அந்த வயதுக்கே உரியது; அப்போது பதிந்த ஆத்திசூடியும் பெருக்கல் வாய்ப்பாடும் எழுபது வயதிலும் நாவை விட்டு அகல்வதில்லை. ஆயினும் வாய்ப்பாட்டுக்கும் கிரகங்களின் பெயர்ப்பட்டியலுக்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. வாய்ப்பாட்டைக் கற்ற குழந்தை, மறுநாளே கடைக்குப் போய் ஐந்து ரூபாய் மிட்டாய் மூன்று வாங்கும்போது, தான் கற்றது எதற்கு என்பதை அனுபவத்திலேயே உணர்ந்துகொள்கிறது. கிரகங்களின் பெயர்களைக் கற்ற குழந்தையோ, அவற்றில் ஒன்றையேனும் வானத்தில் கண்டு, 'இதுதான் அது' என்று சுட்டிச் சொல்லும் பாக்கியத்தைப் பெறாமலே படித்து முடித்து, வேலைக்குப் போய், பின்னாளில் தன் குழந்தைக்கும் அதே பட்டியலை ஒப்பிக்கக் கற்றுக்கொடுக்கிறது.

பெயரைக் கற்பிக்க வேண்டாம் என்பது என் வாதமன்று. பெயரும் பொருளும் ஒருங்கே வரவேண்டும். கூடுமானவரையில் பொருள் முந்தியும் பெயர் பிந்தியும் வரவேண்டும் என்பதே நான் வற்புறுத்த விரும்புவது. ஆகாயத்துப் பொருள்களின் விஷயத்தில் இது சாத்தியமாகுமா என்று பலர் சந்தேகிக்கக்கூடும். எட்டுக் கிரகங்களில் ஐந்து வெறுங்கண்ணுக்கே நன்றாகத் தெரிபவை. ஒன்று நம் காலடியில் இருக்கிறது. எஞ்சிய இரண்டுக்குத்தான் கருவியின் துணை வேண்டும். இந்தக் கணக்கை ஆசிரியர்களும் பெற்றோரும் சற்று எண்ணிப் பார்த்தாலே சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சொல்லைக் கற்றுவிட்டதனாலேயே குழந்தை பொருளையும் கற்றுவிட்டதாக நாம் கொள்ளும் நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பதற்குத் தக்க சான்று ஒன்று இருக்கிறது. 1992-இல் ஸ்டெல்லா வோஸ்னியாடோ, வில்லியம் புரூவர் என்னும் இரு மனோதத்துவ அறிஞர்கள், அமெரிக்கத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் 60 பேரிடம் பூமியின் வடிவத்தைப் பற்றி விசாரித்து அறிந்ததை வெளியிட்டார்கள். பூமி உருண்டை என்ற விடை பெரும்பாலான குழந்தைகளிடமிருந்து தயங்காமல் வந்தது. அத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், நேராகப் பல நாள் நடந்துகொண்டே போனால் எங்கே போய்ச் சேருவாய், பூமிக்கு ஓரம் என்று ஒன்று உண்டா, அங்கிருந்து விழுந்துவிடுவாயா என்று துருவிக் கேட்டபோதுதான் உள்ளே இருந்தது வெளிப்பட்டது. சில குழந்தைகள் பூமியைத் தட்டையான வட்டமாகக் கருதியிருந்தன. சில, உருண்டையான பூமி ஒன்று மேலே வானத்தில் இருப்பதாகவும் நாம் வாழும் தட்டை நிலம் வேறு என்றும் நினைத்திருந்தன. இன்னும் சில, உள்ளீடற்ற ஒரு கோளத்துக்குள்ளே தட்டைத் தரைபோட்டு அதன்மேல் மனிதர் வாழ்வதாகச் சித்திரித்துக்கொண்டிருந்தன. குழந்தைகள் மந்தபுத்தி உடையவர்கள் என்பது இதற்குப் பொருளன்று. கண்ணால் காணும் தட்டை நிலத்தையும், ஆசிரியர் சொன்ன உருண்டை என்ற சொல்லையும் ஒன்றோடொன்று இசைவிக்க அவை தம் அறிவுக்கு எட்டியவரை அரும்பாடு பட்டிருக்கின்றன. அந்த முயற்சியில் துணைநிற்க வேண்டியவர்கள் சரியான விடை வந்துவிட்டது என்று மகிழ்ந்து நகர்ந்துவிட்டார்கள் என்பதே வருந்தத்தக்கது.

தமிழ்க் குழந்தைக்கு இவ்விஷயத்தில் ஒரு தனிச் சௌகரியம் இருக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியும் ஐந்து கிரகங்களின் பெயர்களும், அது கிரகம் என்ற சொல்லையே அறியாத பருவத்தில், கிழமைகளின் பெயர்களாக அதன் நாவில் ஏறிவிடுகின்றன. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி ஆகிய ஐந்தும் புதிதாகக் கற்கவேண்டியவை அல்ல. முன்பே கற்றவை இன்னின்னவற்றைக் குறிப்பன என்று காட்டினால் போதும். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரின் ஏழு தாள்களைக் கிழித்துக் குழந்தையின் கையில் கொடுத்து, இவற்றில் வானத்தில் இருப்பவை எவை என்று கேட்டுப் பாருங்கள். ஞாயிறும் திங்களும் உடனே வந்துவிடும். மற்ற ஐந்தும் வானத்தில்தான் இருக்கின்றன என்று சொன்னதும் குழந்தையின் முகத்தில் தோன்றும் வியப்பே பாடத்தின் நல்ல தொடக்கம்.

சற்று வளர்ந்த குழந்தை, பத்து வயது போல ஆனது, இங்கே ஒரு நியாயமான கேள்வியை எழுப்பும். சூரியனிலிருந்து வரிசையாக எண்ணினால் புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி என்று வருகிறது; வாரத்திலோ செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்று கலைந்து வருவானேன்? இக்கேள்விக்கு விடை சொல்லாமல் விடுவது பெரிய நஷ்டம். ஏனெனில் அவ்விடையில் பழங்காலத்து வானசாஸ்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பழையோர், நக்ஷத்திரங்களினூடே ஒரு சுற்று வருவதற்கு எது அதிக காலம் எடுத்துக்கொள்கிறதோ அதுவே நம்மிடமிருந்து அதிகத் தொலைவில் உள்ளது என்று அனுமானித்தார்கள். அதன்படி ஏறக்குறைய 29½ ஆண்டு எடுத்துக்கொள்ளும் சனியை முதலிலும், 12 ஆண்டு எடுக்கும் வியாழனை அடுத்தும், 687 நாள் எடுக்கும் செவ்வாயை அதற்கடுத்தும், ஓராண்டில் சுற்றிவரும் சூரியனை நான்காவதாகவும், சூரியனை விட்டு அதிகம் அகலாத வெள்ளியையும் புதனையும் அதன் பின்னும், 27 நாளில் சுற்றிவிடும் சந்திரனை இறுதியிலும் வைத்தார்கள். பிறகு ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் இவ்வரிசைப்படி ஒவ்வொன்றுக்கும் பங்கிட்டு, விடியற்காலை முதல் மணி எதற்கு உரியதோ அதன் பெயரையே அந்த நாளுக்கு இட்டார்கள். நம் பஞ்சாங்கங்களில் இன்றும் அச்சாகிவரும் ஓரை என்பது இதுவே.

இனிக் கணக்கைக் குழந்தையே போடட்டும். முதல் மணி சனிக்கு என்று தொடங்கி விரல்விட்டு எண்ணினால், எட்டாவது, பதினைந்தாவது, இருபத்திரண்டாவது மணிகளும் சனிக்கே வரும். இருபத்துமூன்று வியாழனுக்கு, இருபத்துநான்கு செவ்வாய்க்கு. அத்தோடு நாள் முடிந்துவிடுவதால், மறுநாளின் முதல் மணி சூரியனுக்கு உரியதாகிறது. சனிக்குப் பின் ஞாயிறு வந்துவிட்டது. ஞாயிற்றிலிருந்து அதே வகையில் எண்ணினால் திங்களும், திங்களிலிருந்து எண்ணினால் செவ்வாயும் பிசகாமல் வந்து நிற்கும். பாபிலோனியரின் கிரக ஞானமும், நாளை 24 கூறாக்கிய எகிப்தியரின் வழக்கமும் கிரேக்க உலகில் ஒன்று கலந்து உருவான இந்த ஏற்பாடு, கிறிஸ்து சகாப்தத்தின் முதல் சில நூற்றாண்டுகளில் நம் நாட்டுக்கும் வந்து நிலைபெற்றது. கணக்கும் சரித்திரமும் வானமும் ஒரே இடத்தில் சந்திக்கும் இத்தகைய பாடம் வேறு எந்தப் பெயர்ப்பட்டியலில் கிடைக்கும்?

இந்தப் பழைய வரிசையில் சூரியனும் சந்திரனும் உண்டு; பூமி இல்லை. அதனால்தான், எட்டுப் பெயர்களில் குழந்தைக்கு மிகவும் கடினமானது எது என்று என்னைக் கேட்டால், உச்சரிக்கச் சிரமமான யுரேனஸ் அன்று, பூமியே என்பேன். மற்ற ஏழும் எங்கோ மேலே இருக்கும் பொருள்கள். அவற்றுக்குப் பெயர் வைத்துவிட்டால் தீர்ந்தது. பூமியையும் அவற்றோடு ஒன்றாக எண்ணவேண்டுமானால், நாம் நிற்கும் இந்த நிலத்தை நாமே தொலைவிலிருந்து பார்ப்பதாகக் கற்பனை செய்யவேண்டும். நிலையாக இருப்பது ஓடுகிறது என்றும், ஓடுவதாகத் தோன்றும் சூரியன் நிற்கிறது என்றும் ஒப்புக்கொள்ளவேண்டும். மனித இனம் முழுவதும் இதை ஒப்புக்கொள்ள எத்தனையோ நூற்றாண்டுகள் ஆயின. கோப்பர்னிக்கஸின் நூல் 1543-இல் வெளிவந்த பிறகும் வெகு காலம் வாதம் ஓயவில்லை. ஆகையால் 'பூமியும் ஒரு கிரகம்' என்ற வாக்கியத்தை ஆறு வயதுக் குழந்தை ஒரே நாளில் ஜீரணித்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். மூன்றாவது பெயராக அதை ஒப்பிக்கட்டும். ஆனால் ஆசிரியர் அந்த இடத்தில் நின்று, மறுபடியும் மறுபடியும், வெவ்வேறு வகையில் அதை விளக்கக் கடமைப்பட்டவர்.

இன்னொரு கேள்வியும் நம் ஊர்ப் பள்ளிகளில் எழும். சனிக்கிழமைதோறும் பாட்டியோடு நவக்கிரக சந்நிதியை ஒன்பது முறை சுற்றிவரும் குழந்தை, வகுப்பில் எழுந்து, "சார், ராகு கேது எங்கே சார்?" என்று கேட்கும். அதைக் கேலி செய்து உட்காரவைக்கும் ஆசிரியர், நல்ல வானவியல் பாடம் ஒன்றைக் கைநழுவ விடுகிறார். வானத்தில் சூரியன் செல்லும் பாதைக்குச் சந்திரன் செல்லும் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. சாய்ந்திருப்பதால் இரண்டு பாதைகளும் இரண்டு இடங்களில் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அந்த வெட்டுப் புள்ளிகளே ராகுவும் கேதுவும். அமாவாசையோ பௌர்ணமியோ வரும் சமயத்தில் சூரியன் இப்புள்ளிகளுக்கு அருகில் இருந்தாலன்றிக் கிரகணம் நேராது. புள்ளிகளும் நிலையாக நிற்பதில்லை; 18.6 ஆண்டுகளில் வானத்தைப் பின்னோக்கி ஒரு முறை சுற்றிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத இரண்டு புள்ளிகளின் சஞ்சாரத்தைக் கணக்கிட்டு வைத்த நம் முன்னோரின் நுட்பத்தைச் சொல்லி, அவை உடல் உடைய கிரகங்கள் அல்ல என்பதையும் சொன்னால், குழந்தையின் பக்திக்கும் பங்கமில்லை, சாஸ்திரத்துக்கும் பங்கமில்லை. கிரகணம் நிழலால் நேர்வது என்பதை ஆரியபட்டர் 499-இலேயே எழுதிவைத்துவிட்டார் என்பதையும் அக்குழந்தை தெரிந்துகொள்ளட்டும்.

வானத்தில் முதலில் காட்டத் தக்கது வெள்ளி. சூரியன் அஸ்தமித்த சிறிது நேரத்தில், நக்ஷத்திரங்கள் ஒன்றும் தோன்றாத முன்பே, மேற்கே சுடர்விட்டு நிற்கும் அதை யாரும் எளிதில் அடையாளம் காணலாம். சில மாதங்கள் மாலையில் மேற்கே தெரிந்து, பிறகு மறைந்து, மீண்டும் விடியற்காலையில் கிழக்கே விடிவெள்ளியாக வரும். இரண்டும் ஒன்றே என்பதைக் குழந்தை தானாக அறிய முடியாது, சொல்லித்தான் ஆகவேண்டும். நள்ளிரவில் நம் தலைக்கு மேலே அதை யாரும் கண்டதில்லை. காரணம், வெள்ளி நம்மைவிடச் சூரியனுக்கு நெருக்கமான பாதையில் சுற்றுவது. சூரியனை விட்டு அது 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. கையை நேரே நீட்டி விரலை விரித்தால் ஒரு சாண் வானத்தில் ஏறக்குறைய 20 பாகையை மறைக்கும். ஆகவே இரண்டேகால் சாணுக்கு மேல் வெள்ளியைத் தேடவேண்டியதில்லை. புதன் ஒன்றரைச் சாணைக்கூடத் தாண்டாது. அந்தி வெளிச்சத்திலேயே பெரும்பாலும் மூழ்கிவிடுவதால் அதைக் காண அடிவானம் மறைவில்லாத இடமும் பொறுமையும் வேண்டும். கடற்கரையில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

வெள்ளியையும் வியாழனையும் நம் மக்கள் எவ்வளவு கூர்ந்து கவனித்து வந்தார்கள் என்பதற்கு மார்கழியில் குழந்தைகள் பாடும் திருப்பாவையே சாட்சி. அதன் பதின்மூன்றாம் பாசுரத்தில் ஆண்டாள், வெள்ளி எழுந்ததையும் வியாழன் மறைந்ததையும் விடியலின் அடையாளமாகச் சேர்த்துச் சொல்லுகிறாள். இந்த ஒரு குறிப்பைக் கொண்டு அவள் வாழ்ந்த காலத்தையே நிர்ணயிக்க அறிஞர்கள் முயன்றிருக்கிறார்கள். குளிரில் எழுந்து பாடும் குழந்தையை அப்படியே கிழக்கு நோக்கித் திருப்பி, அன்று வெள்ளி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல ஒரு நிமிஷம் போதும்.

வியாழன் ஒரு ராசிக்கு ஓர் ஆண்டாகப் பன்னிரண்டு ஆண்டில் சுற்று முடிப்பது. அது சிம்ம ராசியில் நிற்கும் மாசி மகத்தில்தான் கும்பகோணத்தில் மகாமகம் நடக்கிறது. 2004-இலும் 2016-இலும் நடந்தது. லக்ஷக்கணக்கானோர் குளத்தில் நீராடுவதற்குக் காலத்தைக் குறித்துக் கொடுப்பது வானத்திலுள்ள ஒரு கிரகம் என்பதைக் கும்பகோணத்துக் குழந்தைக்குச் சொன்னால், 11.86 ஆண்டு என்னும் எண்ணை அது ஒருநாளும் மறக்காது. வியாழன் சூரியனுக்கும் சந்திரனுக்கும் வெள்ளிக்கும் அடுத்தபடியாகப் பெரும்பாலும் வானத்தில் மிகப் பிரகாசமாக இருப்பது. சாதாரண பைனாகுலரை ஆடாமல் ஊன்றிப் பிடித்துப் பார்த்தால், 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட அதே நான்கு துணைக்கோள்கள் சிறு புள்ளிகளாக வரிசையில் நிற்பது தெரியும். மறுநாள் பார்த்தால் வரிசை மாறியிருக்கும். இரண்டு இரவும் குழந்தையையே காகிதத்தில் வரையச் சொல்லுங்கள். பூமியை மையமாகக் கொள்ளாமல் சுற்றும் பொருள்கள் உலகில் உண்டு என்பதைக் கலிலியோ கண்டறிந்த வழி அதுவே.

சனி என்ற பெயரைச் சொன்னாலே நம் வீடுகளில் ஒரு பயம். குழந்தையின் காதில் ஏழரைச் சனி என்ற சொல் விழும் விதத்தைப் பார்த்தால், அது கிரகத்தின் பெயரா, நோயின் பெயரா என்று மயங்க இடமிருக்கிறது. அந்த ஏழரை எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுக் காட்டினால் பயம் தெளியும். 29½ ஆண்டைப் பன்னிரண்டு ராசிகளுக்குப் பங்கிட்டால் ராசிக்கு ஏறக்குறைய இரண்டரை ஆண்டு. அடுத்தடுத்த மூன்று ராசிகளைக் கடக்க ஏழரை ஆண்டு. சனி மெதுவாக நகர்வதற்குக் காரணம் கோபமும் அன்று, வன்மமும் அன்று. சூரியனிலிருந்து 143 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் மிக நீண்ட பாதையில், சூரியனின் ஈர்ப்பு குறைந்த இடத்தில் அது செல்வதே காரணம். ஆறு வயதில் ஒரு நக்ஷத்திரத்தின் அருகே சனியைக் கண்ட சிறுமி, அதே நக்ஷத்திரத்தின் அருகே அதை மறுபடி காணும்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது நடக்கும். அதன் வளையத்தை ஒரு சிறு தொலைநோக்கியில் பார்க்க வாய்த்தவர்கள் எவரும் பிறகு அந்தப் பெயருக்கு அஞ்சமாட்டார்கள். வளையத்தில் பெரும்பகுதி தண்ணீர்ப் பனிக்கட்டியே. சனியோ தன் சராசரி அடர்த்தியில் தண்ணீரைவிட லேசானது.

செவ்வாயைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. இரும்புத் துரு கலந்த மண்ணால் சிவந்து தெரியும் அதற்கு நம்மவர் அனுப்பிய மங்கள்யான், 2013 நவம்பர் 5-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு 2014 செப்டம்பர் 24-இல் போய்ச் சேர்ந்த கதையைக் குழந்தைகள் முன்பே அறிந்திருக்கிறார்கள்.

இனிக் கிழமைகளில் இடம்பெறாத இரண்டு பெயர்கள். யுரேனஸைக் கண்டவர் வில்லியம் ஹெர்ஷல். இங்கிலாந்தில் பாத் என்னும் ஊரில் சங்கீதத்தைத் தொழிலாகக் கொண்டிருந்தவர். 1781 மார்ச் 13-ஆம் தேதி இரவு, தாமே செய்த தொலைநோக்கியால் வீட்டுத் தோட்டத்திலிருந்து பார்த்து, முதலில் வால்நக்ஷத்திரம் என்றே எண்ணினார். சனிக்கு அப்பால் அதைப்போல் இருமடங்கு தூரத்தில் ஒரு கிரகம் இருக்கிறது என்பது பிறகுதான் தெளிவாயிற்று. நம் குழந்தைகளுக்கு யுரேனஸை அந்நியமாகக் கற்பிக்கவேண்டியதே இல்லை. 1977 மார்ச் 10-இல் அக்கிரகம் ஒரு நக்ஷத்திரத்தின் குறுக்கே கடந்தபோது, மறைப்பதற்கு முன்னும் பின்னும் அந்த நக்ஷத்திரத்தின் ஒளி கணநேரம் மங்கி மங்கித் தெளிந்ததைக் கொண்டே யுரேனஸுக்கும் வளையங்கள் உண்டு என்று அறிந்தார்கள். அதைப் பதிவு செய்த இடங்களில், நம் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகமும் ஒன்று. நெப்டியூனோ, காண்பதற்கு முன்பே கணக்கால் கண்டுபிடிக்கப்பட்டது. யுரேனஸ் கணித்த பாதையிலிருந்து பிறழ்வதைக் கண்டு, அதை இழுக்கும் பொருள் எங்கே இருக்கவேண்டும் என்று பாரிஸ் நகரத்து லெவெரியே கணித்து எழுதினார். அக்கடிதம் கிடைத்த 1846 செப்டம்பர் 23-ஆம் தேதி இரவே பெர்லினில் காலே என்பவர் கருவியைத் திருப்பிப் பார்த்து, சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள் அதைக் கண்டார். கண்ட நாளிலிருந்து அது சூரியனை ஒரு முறை சுற்றி முடித்தது 2011-இல்தான்.

ஒரு கிரகத்துக்குப் பெயரிட்ட பெருமை ஒரு குழந்தைக்கும் உண்டு. 1930-இல் கிளைட் டாம்பா அமெரிக்காவில் புதிய கிரகம் ஒன்றைக் கண்ட செய்தியை, மார்ச் 14-ஆம் தேதி காலை, ஆக்ஸ்போர்டில் ஃபால்கனர் மேடன் என்னும் முதியவர் சிற்றுண்டி வேளையில் வாசித்துக் காட்டினார். அவருடைய பேத்தி வெனிஷியா பர்னிக்கு அப்போது வயது 11. ரோமானியப் புராணங்களை விருப்பத்தோடு படித்திருந்த அச்சிறுமி, இருளுலகத்துத் தேவனின் பெயராகிய புளூட்டோ என்பதை வைக்கலாமே என்றாள். தாத்தா அதை ஒரு வானவியல் பேராசிரியரிடம் சொல்ல, அவர் தந்தி கொடுக்க, மே மாதம் முதல் தேதி அதுவே பெயராக அறிவிக்கப்பட்டது. 2006 ஆகஸ்ட் 24-இல் பிராக் நகரில் கூடிய சர்வதேச வானவியல் சங்கம், தன் பாதையின் சுற்றுப்புறத்தைத் தன் ஈர்ப்பால் துப்புரவாக்கிக்கொண்டதே கிரகம் என்ற நிபந்தனையையும் சேர்த்து, புளூட்டோவைக் குறுங்கோள் ஆக்கிற்று. ஒன்பது எட்டானதைப் பலர் ஏதோ ஒரு குழப்பமாகக் கருதுகிறார்கள். 1801-இல் கண்ட சீரிஸும் பல ஆண்டுகள் கிரகம் என்றே எண்ணப்பட்டுப் பிறகு பட்டியலிலிருந்து நீங்கியது உண்டு. பட்டியல் மனிதர் வகுப்பது. அறிவு வளரும்போது அது திருந்துவதே நியாயம் என்பதைக் குழந்தைக்கு மறைக்கவேண்டிய அவசியம் இல்லை.

வெனிஷியாவுக்குக் கிரகங்களின்மேல் இந்த நெருக்கம் எப்படி உண்டாயிற்று? பள்ளியில் படிக்கும்போது பூங்காவில் களிமண் உருண்டைகளைச் சூரியனிலிருந்து அந்தந்தக் கிரகத்தின் தூரத்துக்கு ஏற்ப வைத்து விளையாடியதை முதிய வயதில் அவரே நினைவுகூர்ந்தார். அவ்விளையாட்டை நம் சமையலறைப் பொருள்களைக் கொண்டே நடத்தலாம். ஒரு லக்ஷம் கிலோமீட்டரை ஒரு சென்டிமீட்டராகச் சுருக்கிக்கொள்ளுங்கள். சூரியன் 14 சென்டிமீட்டர் ஆகிறது. மட்டை உரித்த பெரிய தேங்காய் ஒன்று. பூமியும் வெள்ளியும் கடுகு; புதனும் செவ்வாயும் ரவைத் துணுக்கு; வியாழனும் சனியும் சுண்டைக்காய்; யுரேனஸும் நெப்டியூனும் மிளகு. ஒவ்வொன்றையும் அட்டையில் பசையால் ஒட்டி, கீழே பெயரெழுதி, எட்டுக் குழந்தைகளிடம் கொடுத்து, தேங்காயை ஒரு முக்காலியில் வைத்துவிட்டு நடக்கத் தொடங்கச் சொல்லுங்கள். குழந்தையின் அடி அரை மீட்டர் என்று கொண்டால், புதன் 12-ஆம் அடியில் நிற்கும், வெள்ளி 22-இல், பூமி 30-இல், செவ்வாய் 46-இல். இதுவரை ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும். வியாழன் 156-ஆம் அடிவரை போகவேண்டும். பள்ளி மைதானம் அத்தோடு முடிந்துவிடலாம். சனி 286, யுரேனஸ் 574, நெப்டியூனை ஏந்திய குழந்தை 900 அடி நடந்து, தெருக்கோடிக்கும் அப்பால் போய்விட்டிருக்கும். ஆசிரியர் ஒருவர் அதற்குத் துணையாகப் போவது நல்லது.

பூமியின் இடத்தில் நிற்கும் குழந்தை அங்கிருந்து தேங்காயைப் பார்க்கட்டும். வானத்தில் சூரியன் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, சரியாக அவ்வளவே பெரிதாக அது தெரியும். (மெய்யான சூரியனை ஒருபோதும் நேரே பார்க்கக் கூடாது என்பதை அவ்விடத்திலேயே எச்சரிக்கவேண்டும்.) கடுகிலிருந்து நான்கு சென்டிமீட்டர் தள்ளி ஒரு ரவைத் துணுக்கு ஒட்டினால் அது சந்திரன்; மனிதன் நேரில் போய்வந்த தூரம் அவ்வளவுதான். இந்த அளவில் ஒளி நொடிக்கு 3 சென்டிமீட்டர்தான் செல்லும். தேங்காயிலிருந்து கடுகுக்கு வர எட்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும், மிளகுக்குப் போய்ச் சேர நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 1977-இல் புறப்பட்ட வாயேஜர் 2 என்னும் கலம் அந்த நெப்டியூனை அடைய 12 ஆண்டுகள் சென்றன. அடுத்த நக்ஷத்திரம் எங்கே என்று கேட்கும் குழந்தைக்கு, இதே அளவில் சுமார் 4000 கிலோமீட்டர், இந்தியாவின் வடக்கு எல்லையையும் கடந்து போகவேண்டும் என்று பதில் சொல்லுங்கள். நடந்து திரும்பிய கால் வலியோடு அந்த எண்ணைக் கேட்கும் குழந்தைக்கு அதன் பொருள் விளங்கும்.

தேங்காய் ஒன்று, கடுகும் மிளகும் ரவையும் ஒரு சிட்டிகை, சுண்டைக்காய் இரண்டு, 450 மீட்டர் நீளமுள்ள ஒரு பாதுகாப்பான பாதை: இவ்வளவே இதற்கு வேண்டியவை. வெள்ளி மாலையில் தெரியும் பருவத்தைப் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொண்டு, அந்நாள்களில் ஒரு மாலையை ஆசிரியர்கள் இதற்கென ஒதுக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். நடை முடிந்து குழந்தைகள் ஒன்றுகூடும் வேளையில் வெள்ளி மேற்கே தோன்றியிருக்கும். அட்டையில் ஒட்டிய கடுகையும் அதையும் ஒருசேரக் காட்டி, அப்போது பெயரைச் சொல்லிக்கொடுங்கள்.